இருமல் சங்கு

1996 ஜூன் 16, ஞாயிற்றுக்கிழமை. காலையில் நகராட்சிக் குழாயில் தண்ணீர் வந்தது. அம்மாவும் நானும் குடங்களில் பிடித்து அண்டாவை நிறைத்து, அதன் வாயில் வெள்ளைத் துணி கட்டினோம். ஆனி பிறந்திருந்தது. மேல்காற்று தொடங்கிவிட்டால், மூடாத தண்ணீரில் சற்று நேரத்திலேயே கரிசல் தூசி ஏடு கட்டிவிடும். அப்பா கறி வாங்கி வந்தார். மத்தியானம் சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, முற்றத்தில் பாய் விரித்தோம். அம்மா தீப்பெட்டி ஒட்டுகிற பலகையையும் பசைக் கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அப்பா ரேடியோவின் தோலுறையைத் துண்டால் துடைத்தார். மூன்றரை மணிக்கு மாமா பேசுவார்.

என் மாமாவின் முகம் உங்களில் பலருக்குத் தெரியாது. குரல் தெரியும். நம் வயதுக்காரர்கள் யாரிடமாவது, “ஞாயித்துக்கிழமை மத்தியானம் ரேடியோவில் போன் வாங்கிப் பேசுவாரே, ஊர் கண்டுபிடிப்பாரே” என்று சொன்னால் போதும், உடனே கண் விரியும். அவர் என் அம்மாவின் தம்பி. எங்கள் வீட்டில்தான் தங்கியிருந்தார். சனிக்கிழமை ரயிலேறித் தெற்கே வானொலி நிலையத்துக்குப் போவார், திங்கட்கிழமை திரும்புவார்.

அவருடைய தொழில் ஒரு மைக் செட் கடையில் ஆரம்பித்தது. கழுகுமலைத் திருவிழாவில் காணாமல் போன பிள்ளைகளுக்காக மேடையில் நின்று அறிவிப்பார். “பச்சைச் சட்டை போட்ட பையன் எங்கிட்ட இருக்கான், முறுக்குத் தின்னுக்கிட்டு இருக்கான், அம்மா பதறாம வாங்க” என்று அவர் சொன்னால், பையனைத் தொலைத்தவளுக்கே சிரிப்பு வந்துவிடுமாம். அந்தக் குரலைக் கேட்ட யாரோ நிலையத்துக்கு எழுதிப் போடச் சொன்னார்கள். தற்காலிக அறிவிப்பாளர் ஆனார். முதலில் சந்தை விலை வாசித்தார். பிறகு நேயர்கள் போனில் கேட்கிற சந்தேகங்களுக்குப் பதில் சொல்லும் நிகழ்ச்சி அவர் கைக்கு வந்தது. ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது, பருத்தியில் புழு, மாட்டுக்கு வயிறு உப்பினால் என்ன கொடுப்பது என்று எதையும் கேட்பார்கள். தெரிந்ததைச் சொல்வார். தெரியாததை விசாரித்து அடுத்த வாரம் சொல்வார்.

ஊர் கண்டுபிடிக்கிற வித்தை தற்செயலாக வந்தது. ஒருவர் வங்கிக் கடன் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தபோது, “அண்ணாச்சி, பின்னால ரயில்வே கேட்டு மணி அடிக்கு. நாலாட்டின்புத்தூரா?” என்று மாமா கேட்டுவிட்டார். அந்த மனிதர் அசந்துபோனார். மறுவாரம் முதல் பேசுகிறவர்களே, “நான் எங்கன இருந்து பேசுதேன், சொல்லுங்க பாப்போம்” என்று ஆரம்பித்தார்கள். தீப்பெட்டி ஆபீசில் குச்சிகளைச் சட்டத்தில் அடுக்குகிற சத்தம், கோயில் மணி, மாதா கோயில் மணி, பஸ் நடத்துனரின் கூவல், ஆட்டுக்கிடை. எல்லாம் அவருக்கு விலாசம்.

எங்கள் வீட்டிலும் அது ஒரு விளையாட்டாயிற்று. மாமா சொல்வதற்கு முன்னால் யார் ஊரைச் சொல்கிறார் என்று போட்டி. பெரும்பாலும் அப்பாதான் ஜெயிப்பார். அப்பாவுக்குத் தபால் ஆபீசில் வேலை. விலாசம் தப்பாக எழுதி வருகிற கடிதத்தைச் சரியான வீட்டுக்குச் சேர்ப்பதில் அவருக்கு ஒரு தனிப் பெருமை. தெரு பெயர் மாறியிருந்தால் சிவப்பு மையில் திருத்துவார். சாப்பாட்டு வேளையிலும் யாராவது ஏதாவது தப்பாகச் சொன்னால் சோற்றைப் பிசைகிற கையை நிறுத்திவிட்டுத் திருத்துவார். ‘தெரியாது’ என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை.

மில் சங்குகளை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது மாமாதான். ஒவ்வொரு பஞ்சாலைக்கும் ஒரு குரல். ஒன்று மாடு கத்துவது போல. இன்னொன்று கடைசியில் கீச்சென்று முடியும். கழுகுமலை ரோட்டில் ஊரை விட்டு மேற்கே தள்ளி ஒரு சின்ன மில் இருந்தது. அதன் சங்கு எழும்பி, நடுவில் அடைத்து, இரண்டு முறை இருமிவிட்டு மறுபடி ஊதும். நாங்கள் அதற்கு இருமல் சங்கு என்று பெயர் வைத்திருந்தோம். மேல்காற்று அடிக்கிற மாதங்களில் எங்கள் முற்றத்துக்கே மெலிதாகக் கேட்கும். மற்ற மில்களுக்கு ஞாயிறு விடுமுறை. அதற்கு மட்டும் செவ்வாய்க்கிழமை.

இனிப் பின்வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டின் பின்பகுதியில் ஒரு லாரி டிரைவர் குடியிருந்தார். தீப்பெட்டி லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போவார். வெளியூரிலிருந்து வரும்போதெல்லாம் எனக்குக் கடலை மிட்டாய் இல்லாமல் வந்ததில்லை. நம் ஊரிலேயே விற்கிற மிட்டாயை எதற்கு வெளியூரிலிருந்து வருகிறவர் வாங்கி வருகிறார் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. அவர் மனைவியை நான் பின்வீட்டு அக்கா என்பேன். அவள் மகன் நாலைந்து வயதுப் பையன். அக்கா மத்தியானங்களில் அம்மாவோடு உட்கார்ந்து பெட்டி ஒட்டுவாள். அப்பா வருகிற செருப்புச் சத்தம் கேட்டதும் பேச்சை நிறுத்தி எழுந்து போய்விடுவாள். வீட்டுக்கார ஆம்பளை முன்னால் குரல் எழுப்பக் கூடாது என்று அவளுக்கு ஒரு பழக்கம். அதனால் ஒரே கூரையின் கீழ் மூன்று வருஷம் இருந்தும் அவள் குரல் அப்பாவுக்குத் தெரியாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

டிரைவர் ஊரில் இருக்கிற நாட்களில் பின்வீட்டிலிருந்து சத்தம் வரும். பாத்திரம் விழுகிற சத்தம் என்று எனக்குச் சொல்லப்பட்டது. ஒரு நாள் அக்காவின் உதடு வீங்கியிருந்தது. அம்மா அப்பாவிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னாள். “குடும்பம்னா அப்படி இப்படித்தான் இருக்கும். குடியிருக்கவன் வீட்டு வழக்குல நாம தலையிட முடியுமா? வாடக ஒழுங்காத் தாரான்லா,” என்றார் அப்பா.

சித்திரையில் ஒரு நாள் டிரைவர் லோடு ஏற்றிப் போயிருந்தபோது, அக்கா பையனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். எங்கே என்று அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. டிரைவர் திரும்பி வந்து, கதவைத் திறந்து பார்த்து, வாசற்படியில் உட்கார்ந்தார். அதன் பிறகு அவர் குடிப்பதை விட்டுவிட்டார். சத்தமே இல்லை. தெருவே அவருக்காக இரங்கியது. “பாவம், தங்கம்போல மனுசன், சோத்துக்கு அலையுதாவ,” என்று எதிர்வீட்டுக்காரி குழம்பு கொடுத்தனுப்பினாள். அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் அவரைக் கூப்பிட்டு எங்கள் பாயில் உட்கார வைத்தார். அவரும் எங்களோடு மாமா நிகழ்ச்சி கேட்டார்.

வைகாசியில் ஒரு மாலை. மாமா மொட்டை மாடியில் நின்றிருந்தார். டிரைவர் மேலே ஏறி வந்தார். நான் வற்றல் அள்ளிக்கொண்டிருந்தேன்.

“எப்பிடி மாப்ள கண்டுபிடிக்கீய? மந்திரமா இருக்கு,” என்றார்.

“மந்திரம் ஒண்ணுமில்ல. பேசுத ஆளோட பேச்சக் கேக்கப்பிடாது. அதுக்குப் பின்னால கேக்கணும்,” என்றார் மாமா. பாராட்டு அவருக்குப் பிடிக்கும். “கண்ண மூடுங்க. இப்ப என்ன கேக்கு?”

“ரயிலு.”

“பாசஞ்சரா, கூட்ஸா?”

டிரைவர் கண்ணை மூடிக்கொண்டே நின்றார். “கூட்ஸு.”

“சபாஷ்! உங்களுக்குக் காது இருக்கு.” மாமா அவர் தோளில் தட்டினார். அன்றைக்கு நெடுநேரம் இருவரும் அங்கேயே நின்றார்கள். எந்த மில் எப்படி ஊதும், எந்த நாளில் ஊதாது என்று மாமா ஒவ்வொன்றாகச் சொன்னார். டிரைவர் கேட்டுக்கொண்டார். நல்ல மாணவன் கேட்பது போல, இடையில் பேசாமல் கேட்டார். வற்றலை மடியில் கட்டிக்கொண்டு நான் இறங்கியபோது திரும்பிப் பார்த்தேன். டிரைவர் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை.

ஜூன் 16க்கு வருகிறேன்.

நிகழ்ச்சி தொடங்கியது. முதலில் உளுந்து விதை பற்றி ஒருவர். அடுத்தது ஓய்வூதியம். பாஞ்சாலங்குறிச்சிப் பக்கத்திலிருந்து பேசிய பெரியவர் ஒருவர் தன் பின்னால் இருந்த ஆட்டுக்குட்டியை வேண்டுமென்றே கிள்ளிக் கத்த வைத்தார். “குட்டியக் கிள்ளாதீய பெரியவரே, அது தானாச் சொல்லும்,” என்றார் மாமா. நாங்கள் சிரித்தோம். டிரைவரும் சிரித்தார். அவர் பாயின் ஓரத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மணி நாலை நெருங்கியது. அடுத்த அழைப்பு.

“வணக்கம். யாரு பேசுதீய?”

கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது. “பேரு வேண்டாம்யா.”

அம்மாவின் பசைக் குச்சி பெட்டியின் மேல் அப்படியே நின்றது. நானும் அந்தக் குரலை அறிந்தேன். டிரைவர் முழங்காலிலிருந்து முகத்தை எடுத்தார். அப்பா மட்டும் ரேடியோவின் ஒலியைச் சற்றுக் கூட்டினார்.

ரேடியோவிலும் ஒரு இடைவெளி விழுந்தது. மாமா பேச்சில் இடைவெளி விடுகிறவர் அல்ல. பிறகு, “சரிம்மா, பேரு வேண்டாம். விசயத்தச் சொல்லுங்க,” என்றார்.

“பிள்ளைய ஒண்ணாங் கிளாசுல சேக்கணும். பள்ளிக்கூடத்துல கேட்டா, அவங்கப்பாவக் கூட்டிட்டு வாங்காவ. அவிய இல்லாம சேக்க முடியாதாய்யா?”

“முடியும்மா. தாய் கையெழுத்துப் போட்டாப் போதும். வாத்தியார் மறுத்தா, ரேடியோவுல சொன்னாவன்னு சொல்லுங்க. நாளைக்கே போங்க.”

“எம்மா, பேசிட்டியா?” என்று ஒரு பிள்ளைக் குரல் உள்ளே நுழைந்தது.

அப்போது சங்கு ஊதியது. ரேடியோவின் துளைகள் வழியாக எழும்பி, அடைத்து, இரண்டு முறை இருமி, மறுபடி ஊதியது. அது ஓய்ந்து நாங்கள் மூச்சு விடுவதற்குள், மேற்கிலிருந்து காற்றோடு அதே சங்கு, அதே இருமலோடு, மெலிதாக எங்கள் முற்றத்துக்கு வந்து சேர்ந்தது.

“அடடா, கப்பல் சங்குல்லா கேக்கு!” என்றார் மாமா. குரலில் வழக்கமான உற்சாகம் இருந்தது. “தூத்துக்குடி ஹார்பர் பக்கத்துல இருக்கீய போல. சரிம்மா, வச்சிருங்க.” சட்டென்று பாட்டுப் போட்டுவிட்டார்.

அந்த நிகழ்ச்சியில் மாமா தப்பாகச் சொன்ன ஒரே ஊர் அதுதான்.

அப்பா தொடையில் தட்டிச் சிரித்தார். “கப்பலாமே! நம்ம மச்சினனுக்கு இன்னைக்குக் காது அடச்சிருச்சு. இருமல் சங்குல்லா அது! ஞாத்திக்கெழம நாலு மணிக்கு வேற எந்த மில்லு ஊதும்? ரெண்டு தடவ கேட்டாச்சே, ரேடியோவுலயும் கேட்டாச்சு, காத்துலயும் கேட்டாச்சு!”

“நீங்க பாட்டக் கேளுங்க,” என்றாள் அம்மா. அந்தக் குரலில் அவள் அப்பாவிடம் பேசி நான் கேட்டதில்லை.

“என்னட்டி, தப்பச் சொன்னா திருத்தப்பிடாதா? டிரைவரே, நீங்க சொல்லுங்க.”

“ஆமா அண்ணாச்சி,” என்றார் டிரைவர் நிதானமாக. “இருமல் சங்குதான்.” டம்ளரில் மீதியிருந்த காப்பியைக் குடித்து முடித்தார். தான் உட்கார்ந்த இடத்தில் பாய் மடங்கியிருந்ததைக் கையால் நீவிவிட்டார். எழுந்து பின்வீட்டுக்குப் போய், துண்டில் சுற்றிய ஒரு நீளமான பொருளோடு வந்தார். லாரியின் ஜாக்கிக் கம்பி. ஒரு முனை துண்டுக்கு வெளியே தெரிந்தது.

“அண்ணாச்சி, மொபெட்டக் கொஞ்சம் குடுங்க. ரோட்டுல ஒரு வண்டி நிக்கி, பாத்துட்டு வந்திருதேன்.”

“சாவி ஆணியில கெடக்கு. எடுத்துக்கிடுங்க,” என்றார் அப்பா.

மொபெட் சத்தம் தெரு திரும்பியதும் அம்மா எழுந்தாள். கையில் பசை காயாமல் இருந்தது. “அது பின்வீட்டுக்காரிங்க,” என்றாள். அப்பாவுக்குப் புரியவில்லை. “எது?” என்றார். அம்மா பதில் சொல்ல நிற்கவில்லை. செருப்புப் போடாமல் எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன்.

நிலையத்தின் எண் எங்களுக்கு மனப்பாடம். அம்மா சுழற்றினாள். எங்கேஜ். மறுபடி எங்கேஜ். மாமாவோடு பேச அந்த நேரத்தில் எத்தனை ஊர்கள் முயன்றுகொண்டிருந்தன என்று எனக்கு இப்போது புரிகிறது. பூத்துக்காரர் கடையில் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. அதில் மாமா யாருக்கோ வெள்ளாட்டுச் சளிக்கு மருந்து சொல்லிக்கொண்டிருந்தார். தம்பியின் குரல் தோளுக்குப் பக்கத்தில் கேட்கிறது. ஆனால் அவனிடம் ஒரு வார்த்தை சொல்ல வழியில்லை. அம்மா ரிசீவரைப் பிடித்தபடி ரேடியோவைப் பார்த்து, “ஏலே, போன வையிலே! வையிலே!” என்று கத்தினாள். கடைக்கு வந்தவர்கள் அவளை வினோதமாகப் பார்த்தார்கள்.

நாலரைக்கு நிகழ்ச்சி முடிந்த பிறகுதான் இணைப்புக் கிடைத்தது. மாமா உடனே அந்த மில்லுக்குப் போன் செய்து வாட்ச்மேனை வெளியே அனுப்பியிருக்கிறார். மில் வாசலுக்கு எதிரே போன் பூத். அந்தப் பூத்துக்காரரிடம் டிரைவர் ஏற்கெனவே வந்து, “என் வீட்டுக்காரி இங்கன போன் பேசிட்டுப் போனா, எந்த வீடு?” என்று மரியாதையாகக் கேட்டிருக்கிறார். அவர் கடையை விட்டு இறங்கி வந்து கைநீட்டிக் காட்டியிருக்கிறார். புருஷன் தேடி வந்துவிட்டானே என்று அவருக்குச் சந்தோஷமாம். வாட்ச்மேன் போய்ச் சேர்ந்தபோது அப்பாவின் மொபெட், ஸ்டாண்டு போட்டு, ஒழுங்காகப் பூட்டி, அந்த வீட்டு வாசலில் நின்றிருந்தது.

அக்காவைப் பாளையங்கோட்டைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவள் கண் விழிக்கவே இல்லை. அந்த வாரம் முடிவதற்குள் இறந்துபோனாள். டிரைவர் எங்கும் ஓடவில்லை. வாசலிலேயே உட்கார்ந்திருந்தாராம். போலீஸ் கூட்டிக்கொண்டு போனது. ஆயுள் தண்டனை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

மாமா அதன் பிறகும் சில மாதங்கள் அந்த நிகழ்ச்சியை நடத்தினார். யாருக்கும் ஊர் சொல்லவில்லை. “எங்கன இருந்து பேசுதேன், சொல்லுங்க,” என்று கேட்டால், “கேள்வியச் சொல்லுங்க,” என்பார். நேயர்கள் கார்டு போட்டார்கள்: பழைய கலகலப்பு இல்லை, தலைக்கனம் வந்துவிட்டது. பிறகு அவரே கேட்டுச் சந்தை விலைக்குத் திரும்பினார். இரண்டாயிரத்துக்குப் பின் தனியார் பண்பலை நிலையங்கள் வந்தபோது மதுரையிலிருந்து நல்ல சம்பளத்துக்குக் கூப்பிட்டார்கள். போனார். ஆனால் போன் வாங்குகிற நிகழ்ச்சி வேண்டாம், பாட்டு மட்டும் போடுகிறேன் என்றார். பேசத் தெரிந்தவரை யார் பாட்டுப் போட வைத்துக்கொள்வார்கள்? ஒரு வருஷத்தில் திரும்பி வந்துவிட்டார். ஒரே ஒரு முறை, என் கல்யாணத்துக்கு முந்தின நாள், பந்தல்காரர் மைக்கைச் சோதித்துக்கொண்டிருந்தபோது, மாமா என்னிடம் தானாகச் சொன்னார்: “நான் அவள ஒளிச்சு வைக்கத்தான் கப்பல்னு சொன்னேன். ஆனா காத நான்லா வளத்து விட்டிருக்கேன்.”

இன்றைக்கு நாம் எல்லோரும் கைபேசி எடுத்ததும் கேட்கிற முதல் கேள்வி, ‘எங்க இருக்க?’ என்பதுதான். மாமா கேட்பதில்லை. நான் சொல்ல வாயெடுத்தாலும், “அது வேண்டாம். நல்லா இருக்கியா, அதச் சொல்லு,” என்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இரவு மாமா ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு, பையனைத் தூக்கிக்கொண்டு முதல் பஸ்ஸில் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஜூன் 17, திங்கட்கிழமை. விடிந்ததும் அம்மா செய்த முதல் வேலை, அவனைக் குளிப்பாட்டி, தலைக்கு எண்ணெய் தடவி, என் பழைய சட்டை ஒன்றைப் போட்டுவிட்டு, எங்கள் பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கூட்டிப்போனது. “தாய் எங்கேன்னு கேட்டா?” என்றார் மாமா. “நான் போடுதேன் கையெழுத்து,” என்றாள் அம்மா. அப்பாவும் எங்களோடு தெருவில் இறங்கினார். அவருக்குத் தபால் ஆபீசுக்கு இன்னும் நேரம் இருந்தது.

தெருமுனையில் காற்று எதிரே அடித்தது. எட்டு மணிச் சங்கு மேற்கிலிருந்து வந்தது. எழும்பி, அடைத்து, இருமி, மறுபடி எழும்பியது. பையன் நின்றான். அவன் முகம் மலர்ந்தது. அப்பாவின் விரலைப் பிடித்து இழுத்தான்.

“பெரியப்பா, இது எங்க வீட்டுக்கு எதுத்தாப்புல ஊதுத சங்குதான?”

அப்பா தரையைப் பார்த்தார்.

“தெரியலய்யா,” என்றார்.